ஆத்தாத தண்ணி

இன்று காலை சாயாவுக்குப் பால் வைத்துவிட்டுப் போனை எடுத்தால் ஜெசிந்தாவின் வீடியோ வந்து கிடக்கிறது. குவைத்தில் அவள் வீட்டு ஹால். சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே காடு மாதிரிச் செடி. ஒவ்வொரு இலையிலிருந்தும் கடுகு கடுகாகக் காற்றுக்குமிழ் கிளம்பி வரிசையாக மேலே போகிறது. கீழே ஒரு வரி: ‘எப்பிடிட்டி இரிக்கி?’ நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். வயிறு பற்றி எரிந்தது. இந்த வயசிலுமா என்று கேட்காதீர்கள். இந்த வயசிலும்தான். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

பால் தீய்ந்த அந்த வாசம் எனக்குப் பழக்கமானது. இருபது வருஷத்துக்கு முன்னால் இரணியல் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் நானும் அவளும் வாடகைக்கு இருந்தோம். ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அவள் அறிவியல், நான் கணக்கு. ஆளுக்கொரு அறை, நடுவில் ஒரு அடுக்களை. காலையில் பால் வைப்பது அவள் முறை என்றால் பால் அடுப்பில் இருக்கும், அவள் மீன்தொட்டி முன்னால் இருப்பாள். கருகிய பாத்திரத்தை யார் தேய்ப்பது என்று நான் கத்துவேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் அழகாக இருந்து தொலைக்கும்.

குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி அவள். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், வீட்டில் மூன்று நேரமும் மீன். அவள் அம்மா ஒருமுறை மாடியேறி வந்தார். ஒன்றரை முழத் தொட்டியில் விரல்நகம் அளவுக்குச் சிவப்பு மீன்கள் ஓடுவதைக் குனிந்து பார்த்தார். “இத எதுக்கு மக்கா வளக்க? ஒரு கொழம்புக்குக் காணாதே” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளை யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்குப் பசியே எடுக்காது.

அவளைப் பார்த்துத்தான் நானும் தொட்டி வாங்கினேன், அதுவும் அவளுடையதைவிட ஒரு சாண் பெரிதாக. காற்றடிக்க மோட்டார் உண்டு. குமிழ் வரும்போதெல்லாம் வாயைத் திறக்கும் பிளாஸ்டிக் முதலை ஒன்றும் உண்டு. மோட்டார் மாவுமில் மாதிரி இரைந்தது. என் ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சமே இல்லாமல் நான் வைத்த செடியெல்லாம் அழுகி, தண்ணீர் கொத்தமல்லிக் காப்பி நிறத்துக்கு வந்தது. அவள் ஜன்னலோ கிழக்கே பார்த்தது. வெயில் வந்து தொட்டதும் அவள் செடிகள் மூச்சு விட ஆரம்பிக்கும். மோட்டாரும் இல்லை, முதலையும் இல்லை, குமிழ் மட்டும் குறைவில்லாமல் வரும். அந்தச் சவத்துக்கு அப்படி ஒரு ஜன்னல் எப்படி வாய்த்தது? வீடு பார்க்கப் போன அன்றைக்கு ‘உனக்கு எந்த ரூம் வேணுமோ நீயே எடு’ என்று அவள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். ஃபேன் புதுசாக இருக்கிறதென்று நான் எடுத்த அறை என்னுடையது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வீட்டுக்கார அக்கா யார் வந்தாலும் ஜெசிந்தாவின் தொட்டியைக் காட்ட மாடிக்குக் கூட்டி வருவார். என் அறையைத் தாண்டித்தான் ஜெசிந்தாவின் அறைக்குப் போக வேண்டும். ஒருநாள் வந்த அம்மா ஒருத்தி என் தொட்டி முன்னால் நின்று, “இதுல மீனு கெடக்கா டீச்சர்?” என்று கேட்டாள். கிடந்தது. தண்ணீர்தான் காட்டவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திற்பரப்புக்குக் கூட்டிப்போன நாள் ஞாபகம் வருகிறது. எல்லோரும் அருவியில் குளித்துக்கொண்டிருக்க, இவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பக்கத்து வாய்க்காலில் செடி பிடுங்கினாள். பாலித்தீன் கவரில் அதைக் கட்டிக்கொண்டே அருவியைக் காட்டினாள். “பாத்தியாட்டி? மேலேருந்து சாயா ஆத்துற மாதிரி ஆத்துது. அதான் கீழ உள்ள மீனுக்கு மூச்சு முட்டேல.”

அவளுடைய வித்தையும் அதுதான். செடி பகலில்தான் காற்றுக் கொடுக்கும். இருட்டில் அதுவும் மீனோடு சேர்ந்து இழுக்கும். விடியும்போது தண்ணீரில் காற்றே இருக்காது. அதனால் தினமும் எழுந்த உடனே, சுவரில் ஆணியில் தொங்கும் பச்சைப் பிளாஸ்டிக் கப்பை எடுப்பாள். தொட்டித் தண்ணீரையே கோரிக் கோரி, கையை உயர்த்தி, திரும்பவும் தொட்டியில் ஊற்றுவாள். நாற்பது ஐம்பது தரம். வெயில் வராத நாளில் சாயந்திரமும் உண்டு. அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். என் மோட்டாரைவிட அவள் கை ஒழுங்காக ஓடியது.

ஒரு ஐப்பசியில் அவள் அக்காவுக்குப் பிரசவம். ஐந்து நாள் ஊருக்குப் போனாள். போகும்போது சாவியை என் கையில் வைத்து, “தீனி போடாட்டாலும் சாரமில்ல மக்கா. காலைல தண்ணிய மட்டும் ஆத்திரு. மழைக்காலம் பாத்துக்க” என்றாள். சரி என்றேன். ஆத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன், நம்புங்கள்.

முதல் நாள் சோம்பல். இரண்டாம் நாள் மழை, அறையே கறுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தேன். ஏழு மீனும் மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கப்பு ஆணியில் தொங்கியது. கை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. இந்த அழகுத் தொட்டியும் ஒருநாள் என் தொட்டி மாதிரி ஆகட்டுமே என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. வேறு யாருடைய குரலும் இல்லை, என்னுடையதுதான். கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போய், சுத்தமாகக் கணக்குப் பாடம் நடத்தினேன்.

அவள் திரும்பி வந்தபோது நாலு செத்து மிதந்தன. பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

“ஆத்துனியாட்டி?”

“பின்ன? தெனமும் ஆத்துனேன்.”

ஆணியிலிருந்து கப்பை எடுத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்க் கழுவினாள். வந்து, “செடி கூடிப்போச்சு. எனக்க தப்புதான்” என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்பாடாதான், வேறென்ன சொல்ல.

மறு வருஷம் கல்யாணமாகிக் குவைத்துக்குப் போனாள். போகும்போது தொட்டியையும் மீனையும் கப்பையும் என்னிடமே தந்தாள். கேட்டுக்கொண்டு எத்தனையோ பேர் நின்றார்கள், எனக்குத்தான் தந்தாள். அந்தக் கண்ணாடி ஒழுகி வேறு மாற்றியாயிற்று. இப்போது இருப்பதில் சத்தமில்லாத ஃபில்டர் ஓடுகிறது. ஆனாலும் காலையில் எழுந்த உடனே பச்சைக் கப்பால் ஐம்பது தரம் ஆத்துகிறேன். “ஃபில்டர் ஓடுதே, பின்ன எதுக்கும்மா?” என்று மகள் கேட்பாள். கை வலிக்கட்டும் என்றுதான் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

இன்று அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜெசிந்தாவே கூப்பிட்டாள். “வெரல மட்டும் காட்டுத, வாய்க்கு என்னாச்சு?” அந்தச் சிரிப்பு. சுவர் நீளத் தொட்டிக்காரியின் சிரிப்பு. எனக்கு எங்கிருந்து வந்ததோ, “உனக்க மீனக் கொன்னது நாந்தாம்ட்டி. அந்த அஞ்சு நாளும் ஆத்தல” என்று சொல்லிவிட்டேன். மனம் வருந்திச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம் நிற்கட்டும் என்றுதான் சொன்னேன்.

நிற்கவில்லை. “அது தெரியுமே” என்றாள். “கப்ப எடுத்தா உள்ள எட்டுக்கால் பூச்சி வலை கெட்டியிருந்து. தெனமும் ஆத்துன கப்புல பூச்சி வலை கெட்டுமா?”

“பின்ன ஏம்ட்டி எங்கிட்டயே தந்துட்டுப் போன?”

“நீ தொட்டியப் பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா? அம்புட்டு ஆசைய வச்சிட்டு அது இல்லாம நீ எப்பிடிட்டி இருப்ப? வேற ஆருக்குக் குடுக்க?” பிறகு, “இப்ப ஆத்துதியா?” என்றாள்.

“ஆத்துதேன்.”

“போதும்” என்று வைத்துவிட்டாள்.

இரணியலில் அந்த மாடிவீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். கிழக்கு ஜன்னல் இருந்த இடத்தில் ஏசி மாட்டியிருக்கிறது. திற்பரப்பில் அவள் செடி பிடுங்கிய வாய்க்காலுக்கு சிமெண்ட் போட்டாயிற்று. அதெல்லாம் போனால் போகட்டும். ஜன்னல், செடி, சிரிப்பு, குவைத் என்று எல்லாம் அவளுக்கே கிடைத்தபோதும், அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, அவளுக்குத் தெரியாத ஒரு சங்கதி எனக்குத் தெரியும் என்று இருபது வருஷமாக உள்ளே பொத்தி வைத்திருந்தேன். அவளைவிட என்னிடம் கூடுதலாக இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போச்சு.