சித்தி வாங்கித் தந்த வளைவு

எங்கள் பழைய தெருவின் முனையில் ஒரு வளைவு நிற்கிறது. இரண்டு பக்கமும் தாமரை மொட்டு வைத்த சிமெண்ட் தூண்கள், நடுவில் தெருவின் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில் அன்பளித்தவரின் பெயர். அதைத் திறந்த அன்று ரிப்பன் வெட்டியவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வருஷக்கணக்காக மிஷின் ஓட்டியவள், பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் நின்று கவுன்சிலராகியிருந்தாள். கட்டியிருந்த பட்டுப்புடவை அம்மாவுடையது. ரிப்பன் விழுந்ததும் தெருவே கைதட்டியது. நான் விசிலும் சேர்த்து அடித்தேன்.

அந்த வளைவு வந்த கதையைச் சொல்ல வேண்டும். தெருவுக்கு மேட்டுப் பக்கம் மூடிக்கிடந்த, தோல் பதனிடும் ஒரு டேனரியின் நிலத்தை வாங்கி மனை போட ஒரு பில்டர் வந்தார். புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக ஊர் ரோடும் கால்வாயும் போட வேண்டுமல்லவா, அந்தச் செலவில் தன் பங்கை மனை போடுகிறவர் நகராட்சிக்குக் கட்டணமாகக் கட்ட வேண்டும். மேட்டுத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு இறங்காமல் ஒரு கால்வாய் வெட்டி ஓடையில் விட அந்தப் பணம் போதும் என்று நகராட்சி இன்ஜினியரே சொல்லியிருந்தார். பில்டர் வேறு கணக்கோடு வந்தார். கட்டணத்தைக் குறைத்துத் தீர்மானம் போட்டால், தெருவுக்கு வேண்டியதைத் தானே நேரில் செய்து தருவதாகச் சொன்னார். அந்த வார்டு கவுன்சிலர் சரியென்றால் மற்றவர்களும் கை தூக்கிவிடுவார்கள், மன்றத்தில் அதுதான் வழக்கம். ஆக, எல்லாம் சித்தி சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது.

அவள் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுக்கவில்லை. தெருவைக் கோயில் வாசலில் கூட்டி வைத்துக் கேட்டாள். கூடியவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். சம்பளத்தில் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க நாயாய் அலைந்தவர்கள். ஆபீசுக்குள் போன பணம் நம் கைக்கு வராது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. “முனிசிபால்டில கட்டுனா அது எந்த வார்டுக்குப் போவுமோ? கண்ணெதிர்ல நிக்கற மாதிரி இன்னாவது வாங்கிக் குடு” என்றார்கள். வளைவு என்றார்கள், குடிதண்ணீர்த் தொட்டி என்றார்கள், திறப்பு விழாவுக்குப் பிரியாணியும் கேட்டார்கள். சித்தி ஒரே ஒரு முறை, “அப்ப கால்வா வேணாமா?” என்று கேட்டாள். “கால்வாய யாரு வந்து பாக்கப் போறாங்க?” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. கடைசியில் சித்தியும் சிரித்துவிட்டாள், மன்றத்தில் சரியென்றும் சொல்லிவிட்டாள். பிரியாணி நன்றாகவே இருந்தது.

பில்டர் மேட்டை இன்னும் மண் கொட்டி உயர்த்தினார். அடுத்த பெருமழையில் அங்கே பெய்தது அத்தனையும் எங்கள் தெருவுக்குள் இறங்கியது. சாக்கடையும் அதோடு கலந்து வீடுகளுக்குள் முழங்கால் அளவு நின்றது. தெருவின் தாழ்ந்த கோடியில் இருந்ததால் முதலில் மூழ்கியது சித்தியின் வீடுதான். அப்படியும் அவள் வாசலில் கூட்டமாக நின்று கத்தினார்கள். “கமிஷன் வாங்கினு தெருவ வித்துட்டா” என்று பேசியது அன்றைக்குப் பிரியாணி கேட்ட அதே வாய்தான். நீங்கள்தானே கேட்டீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. “ஆமா, எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் கிழவரின் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். அடுத்த தேர்தலில் அவளை யாரும் சீந்தவில்லை. மறுபடியும் கம்பெனி வேலைக்கே போனாள்.

இப்போது நான் குடியிருப்பது அந்த மேட்டில். கடன் போட்டு வாங்கிய வீடு, வெள்ளை டைல்ஸ், எதிரே பூங்கா. கிரகப்பிரவேசத்துக்கு முதல் ஆளாக வந்து சித்தி எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்தாள். “நல்ல எடம்டா. சொட்டுத் தண்ணி நிக்காது” என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இத்தனை காலம் கழித்து நகராட்சி அந்தக் கால்வாயை வெட்ட முன்வந்திருக்கிறது. பூங்கா ஓரமாக, எங்கள் ரோட்டைத் தோண்டித்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கம் முடியாது என்கிறது. நாற்றம் வரும், கொசு வரும், மனை விலை விழும் என்கிறார்கள். சங்கத்தின் செயலாளர் நான். போன வாரம் சித்தி வந்தாள். முழங்கால் வலியோடு மேடேறி வந்தவள், கேட் அருகே இருந்த குழாயில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்கடா. இந்த மழைக்குள்ள வெட்டிட்டா போதும். தெருவுல எல்லாரும் கொழந்தைங்கள வச்சினு கீறாங்க.”

அன்று அவளைப் பார்த்துக் கத்தியவர்களின் குழந்தைகளுக்காகத்தான் கேட்டாள். நான் ரோட்டையும் பூங்காவையும் பார்த்தேன். “பாக்கலாம் சித்தி” என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “ஆபீசருங்க எங்கிட்ட இப்டிதான்டா சொல்வாங்க” என்று சொல்லி எழுந்துகொண்டாள். அப்போது தூறல் விழுந்து வலுத்தது. குடை எடுத்து நீட்டினேன். “வேணாம், எறக்கந்தான, போய்டுவேன்” என்று முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடந்தாள். எங்கள் மாடிக்குழாய்த் தண்ணீர் கேட்டைத் தாண்டி ரோட்டில் விழுந்து, அவள் காலை நனைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் அவள் வீட்டுப் பக்கம் ஓடியது. கூப்பிட்டு, சொல்கிறேன் சித்தி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாரல் உள்ளே அடிக்கிறது என்று மனைவி குரல் கொடுத்தாள். கதவைச் சாத்தினேன்.