பதினேழாம் படி

முப்பது வருடம் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். பெரிய மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் அது இருந்தது. அதன் முக்கிய வாடிக்கையாளர் பாரிஸில் இருந்ததால், அவர்களுக்குக் கடிதம் எழுதவும் கூட்டங்களில் மொழிபெயர்க்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. எல்லோரும் என்னை முசே என்றார்கள்; பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

எனக்கு எழுத வரும் என்ற ஒரே காரணத்துக்காக, புதிதாக வரும் என்ஜினியர்களைக் குழுவில் சேர்த்துப் பழக்கும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். அதற்கு ஆன்போர்டிங் என்று பெயர். முதல் நாள் மேனேஜர் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். மறுநாள் அதே ஆளிடம் பெயர் கேட்பார். துணைக்கு ஒரு 'நண்பர்' நியமிக்கப்படுவார். அவர் லீவில் இருப்பார். கம்பெனி பெயர் போட்ட காபிக் கோப்பை உடனே வந்துவிடும். லேப்டாப் நாலாம் நாள் வரும். அதுவரைக்கும் நான் எழுதிய அறுபத்தெட்டுப் பக்கக் கையேட்டைப் படிக்க வேண்டும்.

கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு விதி வைத்திருந்தேன். முதல் ஐந்து நாள் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. எல்லா விடையும் இதிலேயே உள்ளது. சத்தமில்லாத வகுப்புதான் நல்ல வகுப்பு என்று முப்பது வருடம் நம்பியவன் வேறு எப்படி எழுதுவான்?

செய்ய வேண்டியவற்றைக் கையேட்டில் எண் போட்டுப் படிப்படியாக எழுதியிருந்தேன். பதினேழாம் படியில் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ஒரு கமாண்ட் இருந்தது. சோதனைக்கு வைத்திருந்த மெஷினில் உள்ள டேட்டாவை எல்லாம் அழித்துப் புதிதாக ஆரம்பிப்பதற்கு அது. நான் எழுதியபோது சரியாகத்தான் இருந்தது. பிறகு அந்த மெஷினையே பாரிஸ்காரர்களுக்கு வேலையைக் காட்டுவதற்கு மாற்றிவிட்டார்கள். டீம் லீடர் என் மேஜைக்கு வந்தார்.

"முசே, பதினேழத் தூக்கிடுங்க. இப்ப அதுலதான் கஸ்டமர் டெமோ ஓடுது."

"தூக்கினா பதினெட்டு பதினேழாயிடும்பா. கையேட்டோட பிரெஞ்சு பிரதிகூட நம்பர் ஒத்து வராது. அதுக்கு பாரிஸ்ல ஒப்புதல் வாங்கியாச்சு."

"அப்ப குறுக்க ஒரு கோடாவது போடுங்க."

"பாக்கலாம்."

பார்க்கவில்லை. நம்பரெல்லாம் சாக்கு. அந்தப் படியை விளக்கி நான் எழுதியிருந்த பத்தி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

குழுவினர் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். நாலு மணிக்கு எல்லோரும் கீழே டீக்கடைக்குப் போவார்கள். புதிதாக வந்தவனிடம் யாராவது சொல்வார்கள்: "பதினேழ உட்டுடு மச்சான். அது முசே எழுதின கவிதை." எந்த நாற்காலி ஆடும், எந்த நேரத்தில் மேனேஜரிடம் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். உண்மையான ஆன்போர்டிங் டீக்கடையில்தான் நடந்தது. எனக்கும் அது தெரியும்.

ஒரு தடவை மூன்று பேர் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அவள் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்; தினமும் பஸ்ஸில் வருவாள். அறிமுகக் கூட்டத்தில், "உங்களப் பத்தி சுவாரசியமா ஏதாவது சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"வீட்டுல ஆறு மாசம் டைம் வாங்கிட்டு வந்திருக்கேன் சார். இங்க வேல நிரந்தரமாச்சுன்னா கல்யாணப் பேச்ச ரெண்டு வருஷம் தள்ளி வைப்பாங்க. ஆவலன்னா தையில கல்யாணம்."

எல்லோரும் சிரித்தார்கள். "சூப்பர் மோட்டிவேஷன்" என்றார் மேனேஜர். அவள் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு அந்த இரண்டு ஆண்களையும் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப் போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று யாரும் நினைக்கவுமில்லை. பெண்கள் அங்கே போவது வழக்கமில்லை, அவ்வளவுதான். அவள் பென்சிலோடு என் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையேட்டை வரி விடாமல் படித்த ஒரே ஆள் அவள்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்தாம் நாள் பிற்பகல் அவள் பதினேழாம் படிக்கு வந்தாள். கடவுச்சொல் முப்பத்தொன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அதே நேரம் அடுத்த அறையில் பாரிஸ்காரர்களுக்கு வீடியோவில் டெமோ ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த பட்டியல்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இது புது வடிவமைப்பா என்று பாரிஸிலிருந்து ஓர் அம்மாள் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஒருவரும் பதில் சொல்லாததால் எனக்கு மேற்கொண்டு வேலை இருக்கவில்லை. போனது மூன்று வார உழைப்பு.

மறுநாள் காலை மேனேஜர், டீம் லீடர், நான், அவள் என்று நாலு பேர் உட்கார்ந்தோம்.

"யாரக் கேட்டு இத ரன் பண்ண?"

அவள் கையேட்டைத் திறந்து விரலை வைத்தாள். "இதுல போட்டிருக்கு சார். செஞ்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "முசே, இது தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

டீம் லீடர் மேஜையைப் பார்த்தார்.

"புதுசா வர்றவங்க எதச் செய்யறதுக்கு முன்னாடியும் ஒரு வார்த்த கேட்டுக்கணும்மா" என்றேன்.

"கேக்கக் கூடாதுன்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கு முசே."

அத்தோடு கூட்டத்தை முடித்தார்கள். அவளுடைய கோப்பில் குறிப்பு எழுதும் வேலையை, எழுத்து நன்றாக இருக்கும் என்று மேனேஜர் என்னிடமே கொடுத்தார். 'யாரையும் கலந்து ஆலோசிக்காமல் தன்னிச்சையாகச் செயல்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலையே பதினேழாம் படியைத் திருத்தினேன். எண்ணை அப்படியே விட்டு, 'இந்தப் படி இப்போது இல்லை' என்று போட்டேன். நாலு நிமிடம் ஆனது. பாரிஸில் ஒருவரும் கவனிக்கவில்லை. இடைவிடாத முன்னேற்றத்துக்கு எடுத்துக்காட்டு என்று என்னைப் பாராட்டி மேனேஜர் எல்லோருக்கும் மெயில் அனுப்பினார்.

மாசி மாதத்தில் வேலையை விட்டேன். கருவடிக்குப்பத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு காலையில் அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும்மா. அன்னைக்குச் சொல்லல."

"தெரியும் முசே. ரூம விட்டு வெளிய வந்ததுமே டீம் லீடர் சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏம்மா நீ சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். கையெழுத்துப் போடற வரைக்கும் பாத்தேன்." பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் குரல் கேட்டது. "தையில கல்யாணம் ஆயிடுச்சு. இங்க கூப்பிடறாங்க, வெச்சிடறேன்."

அந்தக் குறிப்பு பொய் என்று மேனேஜருக்கு எழுதினேன். ஃபைல் மூடியாச்சு முசே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அவள் அடுத்த வேலைக்கு முயன்று அங்கே யாராவது விசாரித்தால், என் கையெழுத்தோடு அந்த வரிதான் போகும்.