ஒருசந்தியும் ஐந்து குண்டும்

என்.சி.சி. துப்பாக்கி சுடும் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் மெட்ராசுக்கு அனுப்புவார்கள் என்று சொன்ன அன்றே, அது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதினாறு வயது.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உலக்கையைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துப் பழகினேன். உலக்கை நுனியில் ஓர் ஐந்து பைசா. மூச்சை இழுத்து, பாதியை விட்டு, மீதியை நிறுத்தி, காசு விழாமல் ஆள்காட்டி விரலை மட்டும் மடக்க வேண்டும். முழங்கை தோல் உரிந்து காய்த்துப்போயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "வயசுக்கு வந்த பொண்ணு இப்படிக் குப்புறக் கெடந்தா எவன் கட்டுவான்?" என்றாள்.

"கட்டாட்டி போறான்" என்றேன்.

அம்மா தடுக்கவில்லை. அவள் செய்தது அதைவிட மோசம். "நீ ஜெயிக்கணும்னு மாதாவுக்கு நேந்துக்கினேன். தபசுகாலம் முடியற வரைக்கும் வெள்ளிக்கெழமை ரெண்டு பேரும் ஒருசந்தி." ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம் கோவிலுக்குப் போய்வந்த பிறகுதான்.

முதல் சுற்று வெள்ளிக்கிழமை வந்தது. வெறும் வயிற்றோடு படுத்தேன். நெஞ்சு அடித்த அடியில் துப்பாக்கி முனை ஏறி இறங்கியது. ஐந்து குண்டும் ஐந்து திசைக்குப் போயின. எங்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த பெங்களூர்ப் பக்கத்து ஹவில்தார் குறி அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். மானமே போயிற்று. கடைசி ஆளாக எப்படியோ இரண்டாம் சுற்றுக்குத் தப்பினேன். அதுவும் வெள்ளிக்கிழமைதான்.

அன்று காலை அம்மா பூசைக்குப் போனதும், முந்தின நாள் களியை மோரில் கரைத்து இரண்டு சொம்பு குடித்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் போய்ப் படுத்தபோது கை என் சொல்லைக் கேட்டது. ஐந்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். மெட்ராசுக்கு நான்தான் என்றார்கள்.

அம்மா அழுதேவிட்டாள். "பாத்தியா, ஒருசந்தியோட மகிமை!"

"இல்லம்மா. காலையில களி கரைச்சுக் குடிச்சுட்டுதான் போனேன்."

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. "நாளைக்கே போயி பாவசங்கீர்த்தனம் பண்ணு."

போனேன். பொறாமை, கோபம், பொய் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை சாமி" என்றேன். களி குடித்ததைப் பாவம் என்று இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை.