மூணுகோட்டுக்காரியும் பாலத்தடிப் பலகையும்

இன்ன இடத்தில் இன்ன ஆண்டு இன்னது நடந்தது என்று சொல்லிக்கொண்டு சாலையோரத்தில் நிற்கும் வரலாற்றுப் பலகைகளுக்கு வர்ணம் பூசுவதுதான் அவள் உத்தியோகம். எல்லாம் வார்ப்பிரும்பு, எழுத்துகள் புடைத்து நிற்கும். பின்னணிக்குக் கறுப்பு, எழுத்துக்கு மஞ்சள். மற்றவர்கள் ஒரு தடவை பூசிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவள் துருவைச் சுரண்டி, மூன்று கோட்டு பூசாமல் ஏணியை விட்டு இறங்க மாட்டாள். அதனால் நெடுஞ்சாலைத் துறையில் அவளுக்கு மூணுகோட்டுக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவள் பொறுப்பில் இருந்த அறுபத்து மூன்று பலகைகளில் ஒன்றைப் பார்த்தால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும். ஆற்றுப் பாலத்தடியில் நிற்பது அது. பெருவெள்ளத்தில் மில் முதலாளி தமது படகில் முப்பத்தொரு பேரைக் காப்பாற்றிய இடம் என்று, அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முதலாளிக்குத் துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. படகு அவருடையது, அதுவரைக்கும் நிஜம். மில் மூட்டைகளை ஏற்றத் தேவைப்படும் என்று அதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, மேட்டு வீட்டு மாடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். பூட்டைக் கல்லால் உடைத்து, ஒன்பது நடை போய்வந்து, முப்பத்தொரு பேரையும் கரை சேர்த்தவர் அவரிடம் படகோட்டியாக இருந்த அவள் அப்பா. தண்ணீர் வடிந்த மறுநாளே முதலாளி காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்: பூட்டை உடைத்துப் படகைத் திருடினான். எட்டு மாதம் சிறை. பிழைத்தவர்களில் பாதிப்பேர் மில் கூலிகள். படியளக்கிறவரைப் பகைத்துக்கொள்ள யார் வருவார்கள்? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி வீட்டார் அந்தப் பலகையை நட்ட வாரம் அவளுக்குப் பதினோரு வயது. அப்பாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய், "என்னம்மா எழுதியிருக்கு, படி" என்றார். படித்தாள். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தாள். அதற்கப்புறம் அவர் அந்த வழியே போகவில்லை. மூன்று வருடத்தில் போயே சேர்ந்துவிட்டார். ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவள் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. அந்தப் பாவத்தையும் தூக்கி முதலாளி தலையில்தான் போட்டாள்.

இருபத்தாறு வருட வேலையில், மூன்று வருடத்துக்கு ஒரு முறை, அந்தப் பெயருக்கும் மூன்று கோட்டு பூசினாள். சுத்தியலால் நாலு போடு போட அவளுக்குத் தெரியாமலில்லை. உடைத்தால் அதே வாசகத்தோடு இன்னொன்று வார்ப்பார்கள். நட்டுவைத்த பலகையின் வாசகத்தில் துறை கைவைக்காது, அதை நிறுவிய குடும்பமே புதிதாகக் கேட்டால் ஒழிய. அப்படிக் கேட்டால் புது வாசகத்தை முப்பது நாள் அலுவலகத்தில் ஒட்டிவைப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் ஆதாரத்தோடு வரலாம். நிரூபித்தால் அவர்கள் எழுதித் தரும் வாசகமே பலகையில் ஏறும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே இந்த விதியைப் படித்துவிட்டாள். ஆதாரம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. வழக்கு நடந்தபோது நீதிமன்றத்தில் அப்பாவிடம் கொடுத்த புகார் நகல், முதலாளியின் சொந்தக் கையெழுத்தோடு.

முதலாளி செத்துப் பத்து வருடமாகிறது. மகனுக்கு அறுபது வயது, தலை முழுக்க நரை. ஊருக்கு இன்னும் அவர் சின்ன முதலாளிதான். இந்தத் தடவை அவள் ஏணியில் நிற்கும்போது அவர் காரை நிறுத்தி, அப்பா பெயர் நன்றாக மின்னுவதாகப் பாராட்டினார். அவள் இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வெண்ணெய்போலப் பேசினாள்.

"மின்னுது ஐயா. ஆனா அவ்வளவு பெரிய மனுஷருக்கு இத்தனூண்டு பலகை பத்துமா? கார்ல போறவங்க கண்ணுக்கே படமாட்டேங்குது."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரே வாரத்தில், இரண்டு மடங்கு பெரிய பலகை வேண்டும் என்று தானே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளையைக் கொஞ்சம் பேசவிட்டாள், அவ்வளவுதான்.

வாசகம் ஒட்டிய அன்று காலையிலேயே புகார் நகலை மேசைமேல் வைத்தாள். காவல் நிலையப் பழைய பதிவேட்டில் தேதியும் கையெழுத்தும் அப்படியே ஒத்துப்போயின. மில்லை மூடி நாளாகிவிட்டதால், வெள்ளத்தன்று படகில் ஏறியவர்களில் மிஞ்சியிருந்த இரண்டு கிழவிகளுக்கும் ஒருவழியாக வாய் திறந்தது. பலகை படகோட்டிக்குத்தான் என்று தீர்மானமானது.

சின்ன முதலாளி அவள் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"நடந்தது நடந்துபோச்சும்மா. உங்கப்பா பேரே இருக்கட்டும், நான் குறுக்க நிக்கல. எங்கப்பா பேரை மட்டும் மொத்தமா எடுத்துடச் சொல்லு."

அவர் கைகூப்பினார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று ஒரு காலத்தில் பயந்திருந்தாள், அந்தப் பயமும் அன்றோடு போயிற்று.

"எடுக்க விடமாட்டேன் ஐயா. இருபத்தாறு வருஷமா என் கையால பூசின பேரு. பூட்டு யாரோடதுன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

புதுப் பலகையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. இன்ன முதலாளி போட்ட பூட்டை உடைத்து இன்ன படகோட்டி முப்பத்தொரு உயிரைக் காப்பாற்றினார், அந்த முதலாளியின் புகாரால் எட்டு மாதம் சிறையிருந்தார். சின்ன முதலாளி கேட்ட அதே இரண்டு மடங்கு அளவு, காரில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி.

பூச வேண்டியவளும் அவள்தான். முதலில் பாலத்தடியில் நின்று அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு ஏணியில் ஏறினாள். அப்பா பெயருக்கு வழக்கம்போல மூன்று கோட்டு. முதலாளி பெயருக்கு நாலு. வெயிலிலும் மழையிலும் அது மங்கிவிடக் கூடாது.