ஆறு இஞ்சு குறைந்த மேசை

சுகுமாரிக்குக் கை மரத்துப் போகிறது என்பது அவள் புருஷனுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். பனச்சமூடு சந்திப்பில் அவளுடைய டி.டி.பி. கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். அதில் ஒரு பலகை எப்போதோ கழன்று விழுந்தது, இரண்டு பேருமே அதைத் திரும்ப அடிக்கச் சொல்லவில்லை. அந்த இடைவெளி வழியாக அவள் கீபோர்டு சத்தம் எனக்கும் என் மிஷின் சத்தம் அவளுக்கும் நாள் முழுக்கக் கேட்கும். போன தை மாதத்திலிருந்து அவள் சத்தம் நாலு வரிக்கு ஒரு தடவை நின்றது. எட்டிப் பார்த்தால், ஈரம் போக உதறுவதுபோல வலது கையை உதறிக்கொண்டிருப்பாள்.

"என்ன பிள்ளே கையில?"

"ஒண்ணும் இல்லக்கா. எறும்பு."

ஒரு வாரமாக ஒரே எறும்பு. நான் ஒரு பொய்யை அவ்வளவு நாள் பொறுத்ததே பெரிய காரியம்.

சுகுமாரி பெருங்கடவிளைக்காரி. அவள் அப்பா தங்கப்பன் ரப்பர் வெட்டுக்குப் போனவர். மகளாவது உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகட்டும் என்று பிடிவாதமாக நின்றார். நெய்யாற்றின்கரையில் மலையாள டைப்பிங், களியக்காவிளையில் தமிழ் டைப்பிங், இரண்டிலும் ஒரே வருஷத்தில் சேர்த்துவிட்டார். காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். உட்கார்ந்து பார்க்கிற வேலையிலும் உடம்பு தேயும் என்று அந்த மனுஷருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்!

அந்த இரண்டு டைப்பிங்தான் அவளுக்குச் சோறு போட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு கேரளத்துப் பாறசாலை என்றால் பெண் வீடு தமிழ்நாட்டு மேல்புறம் ஊராக இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் இடது பக்கம் மலையாளம், வலது பக்கம் தமிழ். தங்கள் பக்கத்து எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று இரண்டு வீட்டுக்காரர்களும் கடையில் நின்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டை முடிவதற்குள் சுகுமாரி அடித்து முடித்திருப்பாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு மாப்பிள்ளையின் பேரையும் தப்பாக அடித்ததில்லை. என் ஜாக்கெட்டுகளைப் பற்றி நான் அப்படிச் சொல்ல முடியாது.

அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். மேசை, மூடிப்போன ஒரு சாயாக்கடையில் கிடைத்த இரும்பு மேசை. ஆள் நின்று சாயா குடிக்கும் உயரம் இல்லாவிட்டாலும் சுகுமாரிக்கு அது பெரிய உயரம்தான். அவள் மொத்தமே நாலே முக்கால் அடி. கீபோர்டை மேசையில் வைத்தால் கை எட்டாது என்று முதல் நாளே மடியில் எடுத்து வைத்தாள், அது அங்கேயே குடியிருந்தது. மானிட்டர் கதை வேறு. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, அவள் புருஷன் வேலாயுதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சிபியூவைப் படுக்கப் போட்டு, அதன் மேல் மானிட்டரை ஏற்றி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணால் அளந்துதான் வைத்தார். ஆனால் உட்கார்ந்தது அவர். அவர் ஆறடி.

போதாததற்கு அவளுக்கு ரெண்டு பவர் கண்ணாடி. படிக்கிற பவர் கீழ்ப்பாதியில் இருக்கிறது. உயரத்தில் இருக்கும் திரையைக் கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியாகப் பார்க்க அவள் முகத்தை மேலே தூக்க வேண்டும், மடியில் ஷிப்ட் சாவியைத் தேடக் குனிய வேண்டும். நாள் முழுக்க ஆமாம் போட்டுக்கொண்டிருந்த கழுத்து எத்தனை நாள் தாங்கும்?

ஒரு நாள் சாயா டம்ளர் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்றைக்கு வேலாயுதன் கடையில் இருந்தார். அவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக நின்று முழங்கால் போனவர், வலி என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். சுகுமாரி தரையைத் துடைத்துக்கொண்டே அழுததைப் பார்த்ததும் முடிவு சொல்லிவிட்டார்.

"போதும்டீ. ஓணத்துக்கு முன்ன இந்த கை நோவு மாறல்லெண்ணா கடைய அனூஜுக்குக் குடுத்துருவோம். அவன் மொபைல் கடைக்கு எடம் கேட்டுட்டு நடக்கான்."

அவள் சரி என்றாள். அவர் போன பிறகு பலகை இடைவெளியில் வந்து நின்றாள்.

"கட இல்லெண்ணா நான் வீட்டுல இருந்து என்னத்த செய்யதுக்கா? எனக்கு ரெண்டு பாஷ உண்டு, பத்து விரலு உண்டு. வேற என்ன உண்டு?"

மறுநாள் என் கடையையும் பூட்டிவிட்டு அவளை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துப் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, கழுத்தில் நரம்பு அழுத்துகிறது என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணின் பேர் அஸ்வதி, நெடுநெடுவென்று இருந்தாள். எப்படி உட்கார்ந்து அடிக்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். "கீபோர்டு மடியில வச்சிட்டாக்கும்" என்றாள் சுகுமாரி. அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு கழுத்துக்கு மூன்று, தோளுக்கு இரண்டு என்று உடற்பயிற்சிகளைச் செய்து காட்டி, மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொன்னாள். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னாள்:

"சேச்சீ, மடி பாடில்ல, கேட்டோ!"

மடி கூடாது. இரண்டு பேரும் தலையாட்டினோம். திரும்பி வரும் பஸ் முழுக்க அதே பேச்சுதான். "பாத்தியாக்கா, மடியாக்கும் காரணம்" என்று சுகுமாரி சொல்ல, "நான் அண்ணைக்கே நெனச்சேன்" என்று நான் வேறு எடுத்து விட்டேன். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

கீபோர்டு அன்றைக்கே மேசைக்கு ஏறியது. அதோடு சுகுமாரியின் தோள் இரண்டும் காதுக்கு ஏறின. முழங்கை இரண்டையும் கோழி இறக்கை விரித்தாற்போல வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அடித்தாள். வலி குறையவில்லை, இடது கைக்கும் பரவியது. அந்த அஸ்வதியை நான் திட்டாத திட்டு இல்லை. இரண்டாம் தடவை போகும்போது நறுக்கென்று நாலு கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அஸ்வதி சிரித்த முகமாகக் கேட்டாள். "எந்தா சேச்சி, மடி உண்டாயிருந்நோ?"

"இல்ல மோளே. அண்ணைக்கே விட்டாச்சு."

"அப்போ எக்சர்சைஸ் எல்லா திவசமும் செய்து, அல்லே?"

சுகுமாரி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அது... ரெண்டு நாளு செய்தேன்."

"பின்னே மடி இல்லெந்நு பறஞ்சதோ?"

"மடியில வைக்கல்ல மோளே. கீபோர்டு இப்போ மேசையிலயாக்கும்."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அவள் சொன்ன மடி, சோம்பல். உடற்பயிற்சி செய்யச் சோம்பல் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். மலையாளத்தில் மடிக்கு அந்த அர்த்தம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாததா? மடிச்சி என்று என் மருமகளை நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். தெரிந்த வார்த்தையே காலை வாரிவிட்டது. சோம்பாதே என்று சொன்னதைக் கேட்டு, உடற்பயிற்சியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்திருக்கிறோம். அடுக்கி வைத்திருந்த நாலு கேள்வியையும் விழுங்கிக்கொண்டேன்.

அதன்பின் அவள் விவரமாகச் சொன்னாள். தோள் தளர்ந்து தொங்க வேண்டும். கைமுட்டு விலாவை ஒட்டி மடங்கி நிற்கிற உயரத்தில் கீபோர்டு இருக்க வேண்டும். பாதம் இரண்டும் எதன் மேலாவது பதிய வேண்டும். திரை ஒரு கை நீட்டும் தூரத்தில், நேர் எதிரே. கண் மட்டம் என்பது ரெண்டு பவர் கண்ணாடிக்காரர்களுக்குச் சரிப்படாது, அவர்களுக்குத் திரை இன்னும் தாழ இருக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். இதற்கெல்லாம் எத்தனை அடி, எத்தனை இஞ்சு என்று சுகுமாரி கேட்டாள். "அது சேச்சிடெ அளவு நோக்கணும்" என்றாள் அஸ்வதி.

அளவு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அளவு எடுக்கிறேன், இவளுக்கே எத்தனை ஜாக்கெட் தைத்திருக்கிறேன். யாருக்கோ தைத்ததை மாட்டிக்கொண்டதுபோல அந்த மேசையில் இவள் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்துக் கடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே டேப்பும் சாக்குக்கட்டியுமாக அவள் கடைக்குள் போனேன். கால்முட்டுக்குக் கீழிருந்து தரை வரை பதினைந்தரை இஞ்சு. பிளாஸ்டிக் நாற்காலி பதினேழு. பாதத்துக்கு அடியில் ஒன்றரை இஞ்சுப் பலகை போட்டால் கணக்கு சரி. நாற்காலியிலிருந்து கைமுட்டு எட்டு. ஆக, கை இருக்க வேண்டிய உயரம் இருபத்தைந்து, கீபோர்டின் கனம் ஒன்று போக மேசை இருபத்துநாலு. இருந்தது முப்பது. நாலு காலிலும் ஆறு இஞ்சில் சாக்கால் கோடு போட்டுவிட்டு, எதிர்க்கடை வெல்டர் ரெஜியைக் கூப்பிட்டேன்.

அவன் வந்து கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, இது அங்கன்வாடிக்கா?"

"எலே, போட்ட கோட்டுல வெட்டு. துணி வெட்டுகதுல எனக்க கோடு மாறினதுண்டா?"

"துணி தப்பினா ஒட்டுத்தையல் உண்டு. இது இரும்பாக்கும்."

முனகிக்கொண்டே வெட்டினான். தீப்பொறி என் துணிக்கட்டு வரை தெறித்தது. வெட்டிய முனைகளில் ரப்பர் மாட்டி, ரோட்டைப் பார்த்திருந்த மேசையைத் திருப்பி, வெளிச்சம் இடது பக்கம் விழும்படி போட்டோம். சிபியூ கீழே இறங்கியது. மானிட்டரை மேசை மேலேயே வைத்துக் கொஞ்சம் மல்லாத்தினோம். சுகுமாரி உட்கார்ந்தாள். முகத்தைத் தூக்காமல் திரையைப் பார்த்தாள். "அக்கா, இது எனக்க மேசை மாதிரி இருக்கு" என்றாள். உன்னுடையதுதானே என்று திட்ட வந்தேன், அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வேலாயுதனுக்கு நம்பிக்கை வரவில்லை. "மேசைக்க கால வெட்டினா ஆளுக்க கை நோவு மாறுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் மணிக்கு ஒரு தடவை பலகை இடைவெளி வழியாக "எழும்பு, மடிச்சி!" என்று கத்தினேன். அவள் எழுந்து தோளைச் சுழற்றினாள். பத்திரிகைக்கு வந்தவர்கள் தாழ்ந்த மேசையில் எழுத்துப் பார்க்கக் கும்பிடுவதுபோலக் குனிந்தார்கள், பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. வலி குறைந்ததா என்று கேட்டால் மட்டும் "மிண்டாதக்கா, கண்ணு பட்டிரும்" என்று வாயை அடைத்துவிடுவாள். பெரிய வேலை எதையும் அவள் ஏற்கவில்லை. மனு, விண்ணப்பம் என்று அரைப் பக்கம், முக்கால் பக்கம்தான். நீளமாக அடித்தால் வலி திரும்பி வந்துவிடுமோ என்று பயம்.

ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வேலாயுதன் அனூஜைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாடகை ஒப்பந்தம் எழுத வேண்டும். அனூஜ் களியக்காவிளைக்காரன், அவனுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அதனால் இரண்டு பாஷையிலும் வேண்டும் என்றான். அதை அடிக்க அந்தச் சந்திப்பில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. தன் கடையைக் கொடுக்கிற தாளை அவளே அடிக்க வேண்டும்! எனக்கு ஆத்திரமாக வந்தது. "வேலாயுதன் அண்ணா, ஒமக்கு மனசு உண்டா?" என்று இடைவெளி வழியாகக் கேட்டேவிட்டேன்.

"சொன்ன சொல்லு சொன்னதுதானக்கா" என்றாள் சுகுமாரி. உட்கார்ந்தாள், பலகையில் பாதத்தை வைத்தாள், அடிக்க ஆரம்பித்தாள்.

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். மலையாளம் இரண்டு பக்கம் ஓடியது. தமிழுக்கு மாறினாள். வேலாயுதன் அவள் பின்னால் நின்று திரையைப் பார்க்காமல் அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எப்போது கையை உதறுவாள் என்று அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. நானும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். நாலு வரி போனது, பத்து வரி போனது, பக்கம் போனது. தமிழ் இரண்டாம் பக்கத்தின் பாதியில்தான் சத்தம் நின்றது.

"மலையாளத்துலயும் எடம் விட்டு வச்சிருக்கேன், எத்தன வருஷத்துக்குண்ணு போடணும்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

வேலாயுதன் அவள் தோள் பக்கமாகக் குனிந்தார். "கை நோவல்லியா டீ?" என்றார்.

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. விரல்களை மடக்கினாள், விரித்தாள்.

"இல்ல" என்றாள். "இல்லியே!"

அனூஜ் குனிந்து திரையில் தமிழைப் படித்துக்கொண்டிருந்தான். "ஒரு தப்பு இல்லியே அக்கா. இப்படி அடிக்க தெரிஞ்ச ஆளு எதுக்கு கடைய குடுக்குது?"

"குடுக்கல்ல மக்கா" என்றார் வேலாயுதன். "நீ வேற எடம் பாரு. நானும் கூட வாறேன்."

சுகுமாரி அழுதாள். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த மூன்றரைப் பக்கத்தையும் அழித்தாள். அழித்த பிறகும் கையை உதறவில்லை.