மாமா வெயிலில் பிடித்துப் பார்க்காதது

என் தாய்மாமன்தான் என் மாமனாரும். பட்டுச்சேலை வியாபாரம். சேலையில் குறை கண்டுபிடிப்பதில் அவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் வேறெதிலும் கிடைக்காது. நெசவாளி கொண்டுவரும் பட்டைத் தெருவாசலில் வெயிலுக்கு நேராகப் பிடிப்பார். உடலும் கரையும் சேருகிற கோர்வையில் ஓர் இழை விட்டிருந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுப்பார். அந்த மனிதரை நான் வெறுக்கிறேன். இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

முறைப்பெண் என்று உரிமை கொண்டாடி என்னைத் தன் மூத்த மகனுக்குக் கட்டிவைத்தவர் அவர். எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பால்குடி மறப்பதற்கு முன்பே காய்ச்சல், வாய்ப்புண், நுரையீரலில் சளி. ஒன்று தணிந்தால் இன்னொன்று வரும். மாமா ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடினார்.

"எங்க வம்சத்துல இந்த மாதிரி கெடையாதும்மா. எல்லாம் உங்க அப்பன் வழி ரத்தம்."

என் அப்பா தலையைக் குனிந்துகொள்வார்.

சென்னையில் ஒரு டாக்டர்தான் எங்களை உட்காரவைத்து விளக்கினார். கிருமியை அடையாளம் காண வேண்டிய வெள்ளணுக்களின் மேற்பரப்பில், அதைத் தொட்டு உணர்வதற்கு ஏற்பி என்று ஒன்று நிற்க வேண்டும். அது ஒரே துண்டு அல்ல. பல புரதங்கள் செல்லுக்குள் தனித்தனியாக உருவாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, சரியாகச் சேர்ந்திருந்தால்தான் மேலே போகும். ஒரு துண்டு இல்லாவிட்டால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல் அவற்றை மேலே விடாது. உள்ளேயே பிடித்துவைத்துச் சிதைத்துவிடும். என் மகனுக்கு அந்த ஒரு துண்டு உருவாகவே இல்லை. கிருமி எதிரே வந்து நின்றாலும் அவன் செல்களுக்குத் தெரியாது. கேட்கும்போதே வாசலில் சேலையோடு நிற்கும் மாமாதான் நினைவுக்கு வந்தார்.

"அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்தக் குறை வந்தாத்தான் இப்படி ஆகும். ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா வெளியில எதுவும் தெரியாது" என்றார் டாக்டர்.

என் பெற்றோரின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவிடம் அந்தக் குறை இல்லை. அம்மாவிடம் இருந்தது. அம்மா யார்? மாமாவின் கூடப்பிறந்த தங்கை. எலும்பு மஜ்ஜை கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோதே என் மகன் செத்துப்போனான். மாமா என் அப்பாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

நான் செவிலிமேட்டில் இருக்கும் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். போன தை மாதம் மாமா தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார், என் தங்கையைத் தன் இளைய மகனுக்குக் கேட்டு. அவனும் கூட வந்திருந்தான். தங்கைக்கு அவன்மேல் பிரியம் உண்டு. அவள் தலையாட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் மொதல்ல ரத்தம் குடுத்து டெஸ்ட் எடுக்கட்டும் மாமா. அப்புறம் பேசலாம்" என்றேன்.

"இன்னாது, டெஸ்ட்டா? நாளைக்கு ஊரே பேசும். என் பையனுக்கு இன்னா குறை? கல்லு மாதிரி இருக்குறான்."

தட்டில் இருந்த நிச்சயப் பட்டை எடுத்துப் பிரித்தேன். வாசலுக்குப் போய், அவரைப் போலவே வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.

"இன்னாமா பாத்துக்கினு இருக்கிற? எங்க ஊட்டுச் சேலைல குறையே இருக்காது."

"ரத்தத்துக்கும் இதையேதான் சொன்னீங்க மாமா. என் புள்ளைய மண்ணுல வச்சிட்டு வந்தேன்."

அவர் முகம் கறுத்தது. சேலையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இந்த ஊட்ல பொண்ணு எடுத்தா நான் மனுசனே இல்ல" என்று தெருவில் இறங்கினார். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, காறித் துப்பலாம் போலிருந்தது.

அவர் மகன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். வெளியிலிருந்து மாமா அவனைக் கூப்பிட்டுக் கத்தினார். அவன் என் தங்கையைப் பார்த்தபடி சட்டைக் கையை மடித்தான்.

"ரத்தம் இங்கியே எடுப்பாங்களா அண்ணி? இல்ல, சென்னைக்குப் போவணுமா?"