பூச்சி தின்னாத வரி

அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரைத் தாண்டி, ஃப்ரீவே ஓரமாக இருக்கும் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் நிற்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு, அந்தக் காலத்து நாணல் தாள். ஆதிக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்தில் எழுதிவைத்த இயேசுவின் சொற்கள் என்கிறது அட்டை. அதன் முன்னால் ஒரு அமெரிக்கப் பெண்மணி கண்மூடி நிற்கிறார்.

எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் ஊரில் இருபது வருடமாக ஓலைச்சுவடி படிக்கிறவன் நான். பூச்சி ஓட்டை போட்டால் எழுத்தையும் சேர்த்துத்தான் தின்னும். பாதி வரியை அதற்குப் பறிகொடுத்துவிட்டு மீதியோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. இந்தத் துண்டிலோ ஒவ்வொரு வரியும் ஓட்டைக்கு முன்னால் நின்று, அதைத் தாண்டித் தொடர்கிறது. ஓர் எழுத்துகூட அறுபடவில்லை.

சுற்றிக் காட்டும் தன்னார்வலர் கோயம்புத்தூர்க்காரர், ஆயில் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர்.

"லேப்ல டெஸ்ட் பண்ணியாச்சுங்க. பாப்பிரஸ் ஒரிஜினல்தானுங்க."

"பாப்பிரஸ் பழசுதான் சார். ஓட்டை விழுந்தப்புறம் எவனோ எழுதியிருக்கான். எழுத்து எப்படி ஒதுங்கிப் போகுது பாருங்க."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"போன வருசமே கவனிச்சேனுங்க. மேனேஜர்கிட்டச் சொன்னேன். வர்றவங்க சந்தோசமாப் போறாங்க, விடுங்கன்னுட்டாரு."

"நீங்களும் விட்டுட்டீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்குள் அந்தப் பெண்மணி கண் திறந்து, ஓட்டையைக் காட்டி, அங்கே ஆண்டவர் என்ன சொல்லியிருப்பார் என்று தன்னார்வலரைக் கேட்கிறார்.

"வி வில் நெவர் நோ, மேம்," என்கிறார் அவர், என் பக்கம் திரும்பாமல்.